சம்பள நாளும் சந்தைத் தெருவும்

அரசாங்க உத்தியோகத்தர் பெரும்பாலோருக்கு மாதத்தின் 25ஆந் திகதியளவிலே சம்பளம் கைக்கு வருகின்றது. அன்று மாலையில் யாழ்ப்பாணத்து நவீன சந்தைப் பகுதியிலோ, மட்டக்களப்புக் கடைத்தெருவிலோ, கொழும்பிலே புறக்கோட்டையிலோ சிறிது நேரம் நின்று பார்ப்பவர் ஒன்றை எளிதிற் கண்டுகொள்ளலாம். கடைகளினுள்ளே நுழைகின்றவர்களிற் பலர் இன்ன பொருள் வேண்டுமென்று தீர்மானித்துக்கொண்டு நுழைகின்றவர் அல்லர். பார்க்கலாம் என்று நுழைகின்றனர். பையுடன் வெளியே வருகின்றனர். அதே குடும்பத்தை அடுத்த மாதம் 15ஆந் திகதியளவிற் பார்த்தால், ஒழுங்கை முகப்பிலுள்ள பலசரக்குக் கடையின் கடன் கொப்பியிலே அரிசியும் பருப்பும் பால்மாவும் அவர்கள் பெயரில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளில் மூத்த மகளின் காப்பு அடைவுக்குப் போயிருக்கும். இவ்விரு காட்சிகளையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பவர் சிலரே. அன்று வாங்கிய சட்டைக்கும் இன்று அடைவு வைத்த காப்புக்கும் தொடர்பு உண்டென்று சொன்னால், சில ஆயிரம் ரூபாச் சட்டைக்கும் ஒரு பவுண் காப்புக்கும் என்ன சம்பந்தம் என்றே அவ்வீட்டார் கேட்பர்.

இத்தகைய செலவை ஊதாரித்தனம் என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது உலக வழக்கு. ஆயின் அச்சொல் விளக்குவது மிகக் குறைவு. சந்தையிலே ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு 20 ரூபா குறைக்கும்படி கால்மணி நேரம் பேரம் பேசும் குடும்பத்தலைவியே, அன்று பின்னேரம் தவணைமுறையிலே குளிர்சாதனப் பெட்டி வாங்கும் பத்திரத்தில் ஒப்பமிடுகின்றார். அதனால் 30,000 ரூபா மேலதிகமாகக் கொடுக்கப்போவதை அவர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அவரை ஊதாரி என்று யார் சொல்ல முடியும்? கத்தரிக்காய்க்குக் கொடுக்கும் காசு முந்தானை முடிச்சிலிருந்து அவர் கண்முன்னே அவிழ்ந்து செல்கின்றது. குளிர்சாதனப் பெட்டிக்குரிய காசோ அன்று போவதில்லை. இனிவரும் மாதங்களிற் சிறிது சிறிதாகப் போகப்போகின்றது. பொருள் கைக்கு வரும் நேரமும் பணம் கையைவிட்டுப் போகும் நேரமும் ஒன்றாயிருக்கும்போது மனிதர் விழிப்பாயிருக்கின்றனர். அவ்விரு நேரங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுந்தோறும் விழிப்புக் குறைகின்றது.

இதனை அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த டிறேசன் பிறெலெக், டங்கன் சிமெஸ்ரர் என்போர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்ட நுழைவுச் சீட்டுக்களை ஏலத்தில் விட்டனர். ஒரு சாரார் ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். மற்றச் சாரார் கடனட்டையாற் கொடுக்கலாம். சீட்டு ஒன்றே, ஆட்டமும் ஒன்றே. ஆயினும் அட்டை வைத்திருந்தோர் கேட்ட விலை, ரொக்கக்காரர் கேட்ட விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது. படித்த மாணவர்களே இவ்வாறு நடந்துகொண்டார்களாயின், இதை அறிவின்மை என்று சொல்வதும் பொருந்தாது. கையிலிருந்து தாள் நோட்டு எண்ணிக் கொடுக்கப்படும்போது உண்டாகும் சிறு வலி, அட்டையிலும் தவணைப் பத்திரத்திலும் இல்லை. இக்காலத்துக் கைத்தொலைபேசியிலே விரலால் ஒரு முறை தொட்டவுடன் பொருளுக்குக் கட்டளை போய்விடுகின்றது. அங்கே அந்த வலி இன்னும் குறைவு.

முற்பணமென்பதும் கடனென்பதும் இலங்கைத் தமிழருக்கு, சிறப்பாக மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு, புதியவை அல்ல. பெருந்தோட்டங்கள் தோன்றிய காலத்திலே, தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே தொழிலாளியின் பெயரிற் கடன் எழுதப்பட்டது. வழிச்செலவும் உணவும் துணியும் கங்காணி கொடுத்த முற்பணத்திலிருந்தே நடந்தன. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளிக்குத் 'துண்டு' என்னும் சிறு தாள் வேண்டியிருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டத்தார் அக்கடனைக் கட்டினர். கட்டிய தொகை தொழிலாளியின் தலையிலேயே மீண்டும் ஏறிற்று. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் கடன் குறையாத நிலை இருந்தது. 1921ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தினாலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அக்கடன் தொழிலாளரின் ஊதாரித்தனத்தால் விளைந்ததன்று. அது அவர்களைக் கட்டிவைக்கும் கயிறாயிருந்தது. எனினும் அதிலிருந்து இக்காலத்தார் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. இனிமேல் வரவிருக்கும் உழைப்பை முன்கூட்டியே விற்றுவிட்டவனுக்கு, வேலையை விடவோ ஊரை மாற்றவோ நியாயமற்ற முதலாளியை எதிர்த்துப் பேசவோ துணிவு குறைந்துவிடுகின்றது. தீபாவளிக்கெனக் கொடுக்கப்படும் இன்றைய முற்பணம் துண்டைப் போன்றதன்று. அதில் அத்தகைய அடிமைத்தனமும் இல்லை. ஆயினும் தீபாவளியன்று உடுத்த சேலைக்காகப் பின்வரும் மாதங்களின் சம்பளத்திலே கழிவு நிற்கின்றது என்னும் கணக்கு மாறவில்லை.

தவணைமுறைக் கொள்வனவின் கணக்கைச் சிறிது விரித்துப் பார்த்தல் தகும். ஏனெனில் பெரும்பாலான குடும்பங்கள் இடறி விழும் இடம் இதுவே. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிற்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நிதிக் கம்பனிகளின் கிளைகள் ஊருக்கு ஊர் தோன்றின. பல ஆண்டுகள் மின்சாரமும் இன்றி, வாங்கக் கடையும் இன்றியிருந்த மக்கள் முன்னே மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே காலத்தில் வந்து நின்றன. இழந்தவற்றை மீண்டும் பெறவேண்டும் என்ற அவர்களது ஆசையைக் குறைகூறுதல் நியாயமன்று.

ரொக்க விலை 120,000 ரூபாவான குளிர்சாதனப் பெட்டி ஒன்றைக் கருதுக. முதலில் 20,000 ரூபா கட்டினாற் போதும். மிகுதி 100,000 ரூபாவுக்கு மாதம் 5,500 ரூபா வீதம் 24 மாதங்கள் கட்டவேண்டும் என்று விற்பனையாளர் கூறுகின்றார். வட்டி எவ்வளவென்று கேட்டால், ஆண்டுக்கு 16 வீதந்தான் என்பது விடை. அவர் பொய் சொல்லவில்லை. ஆண்டுக்கு 16,000 ரூபாவாக இரண்டு ஆண்டுக்கு 32,000 ரூபா வட்டி; முதலோடு சேர்ந்து 132,000; அதனை 24ஆற் பிரித்தால் 5,500. கணக்குச் சரியே. ஆனால் முதல் மாதந் தொடங்கியே கடன் குறைந்துகொண்டு வருகின்றதென்பதை அக்கணக்கு மறைத்துவிடுகின்றது. இரண்டாம் ஆண்டின் இறுதியிலே சில ஆயிரம் ரூபாக் கடனே மீதியாயிருக்க, வட்டியோ முழு 100,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகின்றது. இரண்டு ஆண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சராசரியாக அக்குடும்பத்தின் கையில் நின்ற கடன் பாதியளவே. குறைந்துசெல்லும் மீதியின்மேற் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 28 வீதமாகும். ஆதலால் தவணைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி வட்டி வீதம் எவ்வளவு என்பதன்று. முடிவில் எல்லாமாக எவ்வளவு கட்டுவோம், ரொக்கமாயின் எவ்வளவு என்னும் இரண்டையுமே கேட்கவேண்டும். இங்கே விடை 152,000 ரூபாவும் 120,000 ரூபாவும்.

அதே குடும்பம் அந்த 20,000 ரூபாவை வங்கியில் இட்டு, மாதந்தோறும் அதே 5,500 ரூபாவையும் அங்கேயே கட்டிவந்தால், 18 மாதங்களில் 119,000 ரூபா சேர்ந்துவிடும். வங்கி வட்டியோடு ரொக்க விலை நிறைந்துவிடும். இடையில் விலை ஏறலாம் என்பது உண்மை. ஆனால் அந்த 18 மாதங்களுள் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், வங்கியிலுள்ள பணம் மருந்துக்கு உதவும். தவணைக்குக் கட்டிய பணமோ உதவாது. தவணை தவறினாற் பெட்டியும் போய்விடும்.

கடனின் சிறிய உருவமாகிய நுண்கடன் இன்னுங் கொடிய பாடத்தைக் கற்பித்தது. வறிய பெண்களுக்கு ஈடின்றிக் கொடுக்கப்பட்ட இக்கடனிலே, குழுவாகச் சேர்ந்த பெண்கள் ஒருவருக்கொருவர் பிணைநின்றனர். கிழமைதோறும் பணம் அறவிட உத்தியோகத்தர் வீடு தேடி வந்தனர். கோழி வளர்க்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் எனப் பெற்ற பணத்தின் ஒரு பகுதி, பல வீடுகளில் அன்றாடச் செலவுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் போயிற்று. கிழமைக்குக் கிழமை வருமானந் தராத செலவுக்குக் கிழமைதோறும் கட்டும் கடனை வாங்கியமையால், ஒரு கம்பனியின் கடனைத் தீர்க்க மற்றொரு கம்பனியிற் கடன் பெறும் நிலை உண்டாயிற்று. நிலைமை முற்றியபின், வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே 100,000 ரூபாவுக்கு உட்பட்ட கடனைப் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கான கடன் நிவாரணத் திட்டத்தை அரசாங்கம் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கவேண்டி வந்தது. கடன் கொடுத்தவரின் பேராசையும் இதிலே பெரும் பங்கு கொண்டது. முழுப் பழியையும் வாங்கியவர்மேற் சுமத்துவோர் அந்த ஊர்களைப் பார்க்காதவராகவே இருத்தல் வேண்டும்.

இனி, செலவுக்கு முந்திய நிலையைப் பார்க்கலாம். கையிலே குறியின்றி இருக்கும் பணம் கடைத்தெருவைக் கண்டவுடன் செலவாகின்றது. ஒரு பெயரைப் பெற்றுவிட்ட பணம் எளிதிற் செலவாவதில்லை. பழைய தலைமுறையினர் இதனை நன்கறிந்திருந்தனர். சோற்றுக்கு உலையிலிடும் அரிசியிலிருந்து நாள்தோறும் ஒரு பிடியை வேறு பானையில் இட்டுவைத்த பெண்கள், மாத முடிவில் மிஞ்சினால் அரிசி சேர்ப்போம் என்று காத்திருந்தவர் அல்லர். மிஞ்சிய பின் சேமித்தல் என்பது பெரும்பாலும் நடவாத காரியம். முதலிற் பிரித்து வைத்த பின்னரே சமையல் தொடங்கியது.

இத்தீவின் சேமிப்பு நிறுவனங்களும் அந்த ஒரு பிடிக்கு இடம் கொடுக்கவே தோன்றின. 1832ஆம் ஆண்டில் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885ஆம் ஆண்டில் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தொடங்கப்பெற்றன. பட்டணத்து வங்கிக் கட்டடத்தினுள் நுழையக் கூச்சப்பட்ட கிராமத்தவரும், கடிதம் போடச் செல்லும் தபாற்கந்தோரிலே சில ரூபாவைச் செலுத்திப் புத்தகத்தில் முத்திரை பெற்றுக்கொண்டனர். இவ்விரண்டும் 1972இல் தேசிய சேமிப்பு வங்கியாக ஒன்றுசேர்ந்தன. 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின் கீழே தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்களும், அவற்றின் வழிவந்த சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும், ஊரவர் பணத்தை ஊரவருக்கே குறைந்த வட்டியிற் கொடுத்து உதவின.

சீட்டைப் பற்றியும் ஒரு சொல். இருபது பேர் மாதம் 5,000 ரூபா வீதம் போட்டு, மாதத்துக்கு ஒருவராக 100,000 ரூபாவை எடுக்கும் வழக்கம் இன்றும் கந்தோர்களிலும் அயலவரிடையேயும் நடைபெறுகின்றது. வட்டி கருதினால் சீட்டு பெரும் இலாபந் தருவதொன்றன்று. கழிவிலே கூறி முதலில் எடுப்பவர் நட்டமும் அடைகின்றார். ஆயினும் வங்கியிற் போட மறப்பவர் சீட்டுக்காசை மறப்பதில்லை. அயலவர் முகத்தில் விழிக்கவேண்டுமே என்னும் கூச்சமே அவரைச் சேமிக்க வைக்கின்றது. சீட்டு முறிந்து, தாய்ச்சீட்டுக்காரர் தலைமறைவான கதைகளும் ஊர்தோறும் உண்டு. சீட்டுக்களை ஒழுங்குபடுத்த 1935ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டமைக்கு அவையே காரணம். அறிந்தவரிடையே, இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகைக்குள் சீட்டு இருத்தல் நன்று.

முதலிற் பிரித்து வைத்தல் என்னும் இதே கருத்தை, பொருளியலுக்கான நோபல் பரிசை 2017இற் பெற்ற றிச்சட் தேலரும் அவருடைய தோழர் சுலோமோ பெனாற்சியும் அமெரிக்கத் தொழிலாளரிடையே வேறு விதமாகப் பயன்படுத்தினர். இன்றைய சம்பளத்திலிருந்து சேமி என்றால் எவரும் தயங்குவர். அடுத்த முறை சம்பளம் உயரும்போது உயர்வின் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு விடுவதாக இன்றே ஒப்பமிடும்படி அவர்கள் கேட்டனர். அந்தத் தொழிற்சாலையிலே இத்திட்டத்திற் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதமாக உயர்ந்தது. வருடாந்தச் சம்பளவேற்றம் பெறும் இந்நாட்டு உத்தியோகத்தருக்கும் இவ்வழி திறந்தே இருக்கின்றது. உயர்ந்த சம்பளம் ஒரு மாதம் கைக்கு வந்து செலவாகிப் பழகிவிட்டால், பின்னர் அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

பணத்துக்குப் பெயரிடுவதிலே பலர் தவறவிடும் பகுதி ஒன்றுண்டு. அரிசி, மின்சாரம், பேரூந்துக் கட்டணம் ஆகிய மாதச் செலவுகளை எல்லாரும் கணக்கிடுகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றையோ எதிர்பாராத செலவு என்று சொல்லிவிடுகின்றனர். தைப்பொங்கல் தை மாதத்திலே வருமென்பது எதிர்பாராததா? பாடசாலைக் கொப்பியும் சப்பாத்தும், நல்லூர்த் திருவிழாக் காலத்துச் செலவும், மோட்டார் சைக்கிளின் காப்புறுதியும், உறவினர் திருமணத்து அன்பளிப்பும், மாரிக்கு முன் கூரை திருத்துவதும் எல்லாம் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, தொகை 96,000 ரூபா ஆயின், அதனைப் பன்னிரண்டாற் பிரித்து மாதம் 8,000 ரூபாவை வேறு கணக்கில் வைக்கலாம். அதற்குப் பின் திருமண அழைப்பிதழைக் கண்டு குடும்பத்தலைவர் முகம் வாடவேண்டியதில்லை. அடைவுக்குப் போகும் காப்புகளிற் பல இந்தத் தாளை எழுதாமையாற் போகின்றவையே. அடைவு வைப்பது குற்றமன்று. வங்கியில் வைத்து, மீட்கும் நாளைக் குறித்து வைப்பின் அது நல்ல உதவியே. ஆனால் வட்டி மட்டும் கட்டிக் கட்டி, ஈற்றில் நகையை ஏலத்தில் விட்டவர்கள் இரட்டை நட்டம் அடைகின்றனர்.

திடீரென எழும் ஆசைக்கு எளிய மருந்து காலதாமதமே. கொப்பியின் கடைசிப் பக்கத்திலே வேண்டிய பொருளையும் விலையையும் அன்றைய திகதியையும் எழுதிவிட்டு, முப்பது நாளுக்குப் பின் மீண்டும் பார்த்தால், எழுதியவருக்கே சிரிப்பு வரும் பொருள்கள் சில இருக்கும். இன்று மட்டுமே விலைக்கழிவு என்னும் விளம்பரம் இந்த முப்பது நாளைத் திருடுவதற்காகவே எழுதப்படுகின்றது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதும், 1,990 ரூபா என்னும் விலையும் அதே வகையைச் சேர்ந்தன. எனினும் இம்மருந்தை எல்லாவற்றுக்கும் பூசுதல் ஆகாது. கண் மங்கிய தாய்க்கு மூக்குக்கண்ணாடி வாங்குவதை மாதக்கணக்கிற் பின்போட்டு, அதனைச் சிக்கனம் என்று பெருமை பேசுவோரும் இருக்கின்றனர். அது கஞ்சத்தனம், அதற்கும் நிதி முகாமைத்துவத்துக்கும் தொடர்பில்லை.

சேமித்தவன் ஏமாந்தான், வாங்கிக் குவித்தவனே பிழைத்தான் என்ற பேச்சு 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் பரவலாகக் கேட்கப்பட்டது. அதிலே உண்மை இல்லாமலில்லை. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. வங்கிப் புத்தகத்திலிருந்த 100,000 ரூபா, அதே அரிசியையும் மாவையும் வாங்கும் வலிமையை இழந்தது. இதனைச் சேமிப்பை ஆதரிப்போர் மறைத்தல் நேர்மையன்று. நெடுங்காலச் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் ரூபாவாக வைத்தல் நன்றன்று என்பது அவ்வாண்டு கற்பித்த பாடம். ஒரு பகுதி காணியாகவோ, செய்கூலி குறைந்த தங்கமாகவோ இருக்கலாம். ஆயினும் அதே ஆண்டிலே மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்திருந்த குடும்பங்கள், மதிப்புக் குறைந்த அந்தப் பணத்தைக் கொண்டே எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வழிதேடின. வைத்திராதவை நகையைக் கொண்டு போயின. விலை இன்னும் ஏறுமென்று அஞ்சி, உயர்ந்த வட்டிக்குத் தவணையில் வாங்கியோரின் கணக்கும் பிழைத்தது. பணவீக்கம் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. 2024 செப்ரெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே சென்றது. வட்டி வீதங்கள் சந்தையில் இறங்கியபோதும், அவர்கள் பழைய ஒப்பந்தத்தின்படியே கட்டிக்கொண்டிருந்தனர்.

இவையனைத்தும் ஒருவர் மட்டும் அறிந்து நடப்பதற்குரியன அல்ல. கணவன் பெற்ற கடன் மனைவிக்குத் தெரியாமலும், மனைவி போடும் சீட்டு கணவனுக்குத் தெரியாமலும் இருக்கும் வீடுகள் பல. கடன் அறவிட வந்தவர் படலையடியில் நின்று கூப்பிடும்போதே செய்தி வெளியாகின்றது. அப்போது எழும் சச்சரவு பணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை, மறைத்ததைப் பற்றியதாகவே இருக்கின்றது. சம்பள நாளன்று கடைத்தெருவுக்குப் புறப்படுமுன்னர் அரைமணி நேரம் இருவரும் ஒரு கொப்பியை முன்வைத்து இருந்து, வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் எழுதுவார்களாயின், பாதி ஆசைகள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடும். கணவர் தவணைப் பெட்டியின் விளம்பரத் தாளை எடுத்து வைக்கும்போது, "இஞ்சாருங்கோ, இது இல்லாமலும் இவ்வளவு காலம் இருந்தனாங்கள்தானே, சித்திரை வரைக்கும் பொறுங்கோ" என்று மனைவி சொல்லலாம். பிள்ளைகள் வளர்ந்தவர்களாயின் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளலாம். புதிய கைத்தொலைபேசி கேட்கும் பதினைந்து வயதுப் பையனிடம், இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக, கூட்டிப் பார்க்கும்படி அந்தக் கொப்பியை அவன் கையிலேயே கொடுத்துவிடலாம்.